ஹூக் மட்டும்தான் பாக்கி

வாங்க டீச்சர், வாங்க. அந்த ஸ்டூல் மேல துணி கிடக்கும், எடுத்து அங்கிட்டுப் போட்டுட்டு உக்காருங்க. கையில என்ன, ஹார்லிக்ஸா? அட, நீங்களுமா! எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர். நல்லாப் பாருங்க, குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். ஆபரேஷன் எனக்கு இல்ல. எங்க பாபினுக்கு.

பாபினைத் தெரியாதா? இந்த மிஷினுக்குக் கீழயே படுத்துக் கிடக்குமே, செவலை நாய். நீங்க துணி குடுக்க வந்தன்னைக்குக்கூட உங்க செருப்பு மேல தலைய வச்சுத் தூங்குச்சே, அதுதான். குட்டியில டப்பாவக் கவுத்துவிட்டு, ஒரு பாபினை வாயில கவ்விக்கிட்டு, தெருக்கோடி வரைக்கும் நூல் இழுபட இழுபட ஓடுச்சு. அன்னைக்கு வச்ச பேரு.

கடைக் கதவுல சாக்பீஸால "ஆபரேஷன். கடை விடுமுறை"ன்னு எழுதிட்டுப் போனேன். யாருக்குன்னு எழுதணும்னு தோணவே இல்ல. தையக்காரன் கடைக் கதவுல ஆபரேஷன்னு இருந்தா சனம் யாரை நினைக்கும்? மறுநாளே பூக்கடை அமிர்தம் சாத்துக்குடி வாங்கிட்டு வந்திருச்சு. பின்னாடியே ரொட்டி வருது, ஆப்பிள் வருது, ஹார்லிக்ஸ் வருது. எங்க பங்குச் சாமி ஒரு படி மேல போயிட்டாரு. ஞாயித்துக்கிழமை பூசையில, "சகோதரர் சவரிமுத்து விரைவில் நலம் பெற"ன்னு மன்றாட்டுல வாசிச்சிட்டாரு. நான் மூணாவது வரிசையில உக்காந்திருக்கேன். என்ன செய்யச் சொல்றீங்க? எல்லாரோடயும் சேந்து நானும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்"னு சொல்லிட்டேன். லூர்து, அதான் எங்க வீட்டம்மா, பொம்பளைங்க பக்கம் உக்காந்து முந்தானைய வாயில வச்சு அமுக்கிக்கிட்டுக் குலுங்குறா.

உங்க ஜாக்கெட்டா? அது முடிஞ்ச மாதிரிதான் டீச்சர். ஹூக் மட்டும்தான் பாக்கி. பொண்ணுக்கு நிச்சயம் ஞாயித்துக்கிழமைதான? இருக்குல்ல நாளு. இந்தப் பச்சையா? இது வேற ஒரு கஸ்டமரோடது. பாவம், ரொம்ப நாளாக் கிடக்குது. யாருன்னு அப்புறம் சொல்றேன். கை பாட்டுக்குக் கை வேலை பாக்கும், நான் பேசிக்கிட்டே இருப்பேன். என்ன நடந்துச்சுன்னு கேட்டீங்கன்னா நீங்களே, "விடுங்க சவரிமுத்து, மெதுவா குடுங்க"ன்னு சொல்லிருவீங்க.

முதல்லயே சொல்லிடுறேன், இதுல எனக்குச் சம்மதமே இல்ல. இனிமே குட்டி போடாம இருக்க ஆபரேஷன் பண்ணிரணும்னு லூர்து எடுத்த முடிவு. வீட்டுல பாபின் மேல பாசம் வச்சிருக்கிறது அவதான். நான் அப்படி இல்ல, கறாரான ஆளு. நாய்னா நாய் மாதிரி இருக்கணும். நல்லா ஓடிக்கிட்டு இருக்கிற வாயில்லாச் சீவனைக் கொண்டுபோயி எதுக்குடி அறுக்கணும்னு கேட்டேன்.

"ரெண்டு ஈத்து ஆச்சு. அடுத்த ஈத்துக் குட்டிங்களை நீங்களா வளக்கப் போறீங்க?"ன்னா.

"அதெல்லாம் கஸ்டமருங்க எடுத்துக்குவாங்க"ன்னேன்.

யாரு எடுத்தீங்க? உங்களுக்கே ஒண்ணு குடுக்கப் பாத்தேன். வீட்டுல பூனை இருக்குன்னு சொன்னீங்க. பூனையாவது ஒண்ணாவது, எனக்குத் தெரியாதா டீச்சர்? சரி விடுங்க. அந்த ரெண்டாவது ஈத்துல ரெண்டு குட்டி முக்குல லாரியில மாட்டிக்கிச்சு. பாபின் அந்த இடத்தைப் போயிப் போயி மோந்துட்டு வரும், திரும்பப் போகும். லூர்து அதைத்தான் சொன்னா. "அதை இன்னொரு தடவை என்னால பாக்க முடியாதுங்க"ன்னா. சரின்னுட்டேன்.

மாட்டாஸ்பத்திரிக்கு ஆட்டோவுல கூட்டிட்டுப் போனேன். ஊர்வலம் போற மாதிரி என் மடியில உக்காந்துக்கிட்டு, வெளிய எட்டி எட்டிப் பாக்குது. நடுநடுவுல என் கைய நக்குது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஊசி போடுறப்ப, "பிடிச்சுக்கங்க"ன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. பிடிச்சேன். கண்ணு சொருகுற வரைக்கும் என்னையத்தான் பாத்துச்சு, டாக்டரம்மாவைப் பாக்கவே இல்ல. நான் வெளிய வந்து சுவத்தைப் பாத்து நின்னுக்கிட்டேன். அழுதேன்னு லூர்து ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறா. அங்க பினாயில் வாடை டீச்சர். எனக்குப் பினாயில் ஆகாது.

சாயங்காலம் குடுத்தாங்க. சாராயம் குடிச்ச ஆளு மாதிரி நாலு காலும் நாலு பக்கம் போகுது. வயித்துல வரிசையாத் தையல். நான் உத்துப் பாத்தேன். தொழில் புத்தி, என்ன பண்றது? தையல் நல்லாத்தான் இருந்துச்சு, சீரா இருந்துச்சு. டாக்டரம்மா எல்லாம் சொல்லி அனுப்புனாங்க. நக்க விடக்கூடாது, குதிக்க விடக்கூடாது, தண்ணி படக்கூடாது, மாத்திரை குடுக்கணும். தையல் பிரிக்கிற வரைக்கும் கூடவே ஒரு ஆளு இருக்கணும்னாங்க. கழுத்துல மாட்டுறதுக்குப் பெரிய புனல் மாதிரி ஒரு பிளாஸ்டிக்கும் குடுத்தாங்க.

அந்தப் புனல் இருக்கே! வீட்டுக்குள்ள வந்ததும் கதவுல இடிச்சுச்சு. திரும்புச்சு, பீரோவுல இடிச்சுச்சு. பட்டன் டப்பா மொத்தத்தையும் தட்டிவிட்டுருச்சு. தண்ணி குடிக்கக் குனிஞ்சா புனல் முதல்ல தரையில முட்டுது, வாய் எட்டல. அப்படியே நின்னு என்னைப் பாக்குது. திட்டுற மாதிரி இருந்தாக்கூடப் பரவாயில்ல. நான் என்ன தப்பு பண்ணேன்னு கேக்குற மாதிரி பாக்குது. அதைத் தாங்க முடியல டீச்சர்.

கடையப் பூட்டுனேன். பாபினுக்காகப் பூட்டல. எனக்கு ரொம்ப நாளா இடுப்பு வலி, தரையில படுத்தா நல்லதுன்னு சொல்லுவாங்க. அதனால பாபின் பக்கத்துல பாயப் போட்டுப் படுத்துக்கிட்டேன். குழைய வடிச்ச சோத்துல கோழிய உப்பில்லாம வேகவச்சுப் பிசைஞ்சு, கையில ஊட்டுனாத்தான் திங்குது. தட்டுல வச்சா மூஞ்சியத் திருப்பிக்குது. "ஒரு வாய் சாப்பிடும்மா, சாமி, தங்கம்"னு நான் கெஞ்சுனேனாம். லூர்து சொல்றா. கெஞ்சல டீச்சர், அதட்டுனேன். கொஞ்சம் மெதுவா அதட்டுனேன்.

புனலைக் கழட்டி எறிஞ்சுட்டேன். லூர்து, "கழட்டாதீங்க, நக்கிரும்"னா. எனக்கு அப்பத்தான் தோணுச்சு. நான் யாரு? இந்த ஏரியாவுல ஃபிட்டிங்குன்னா சவரிமுத்துதான்னு நீங்களே சொல்லுவீங்க. ஊருல இருக்கிற பொம்பளைங்களுக்கெல்லாம் தைக்கிறவன், வீட்டுல இருக்கிற பிள்ளைக்கு ஒரு சட்டை தைக்க மாட்டேனா? டேப்பை எடுத்தேன். நெஞ்சு, இடுப்பு, கழுத்து, முன்கால் சுத்தளவு, எல்லாம் எடுத்தேன். ஆடாம அசையாம நின்னுச்சு பாருங்க, சில கஸ்டமருங்க அப்படி நிக்க மாட்டாங்க. உங்களைச் சொல்லல.

துணி மெதுவா இருக்கணும், காத்துப் போகணும். கடையில அந்த மாதிரி இருந்தது ஒரே ஒரு துணிதான். சுத்தமான காட்டன், அரக்குக் கலர், சலவை பண்ணிக் காயப்போட்டுத் தயாரா இருந்துச்சு. அது... கோவப்படாதீங்க டீச்சர். அது உங்க லைனிங் துணி. அதே கடையில அதே கலர்ல வேற வாங்கி வச்சுட்டேன், அந்தா மேல் தட்டுல இருக்கு பாருங்க. நல்ல துணியா எடுத்துக் குடுத்திருந்தீங்க, அதுக்கு நான் நன்றி சொல்லணும்.

வெட்டுனேன். ஜாக்கெட்டுக்கு மடிச்சுப் பிடிக்கிற மாதிரி நாய்க்கும் டாட் பிடிக்கணுமா வேண்டாமான்னு கொஞ்ச நேரம் யோசிச்சேன். பிடிச்சேன். கை வளைவு, கழுத்துக்கு பைப்பிங், ஒண்ணு விடல. கடைசியில ஹூக் வச்சேன், வழக்கம்போல முன்பக்கம். லூர்து எட்டிப் பாத்துட்டு, "என்னங்க, ஹூக்கை வயித்துப் பக்கமா வைக்கிறீங்க?"ன்னா.

"இத்தனை வருஷமா முன்பக்கம்தான் வைக்கிறேன். தையலைப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தரியா?"ன்னேன்.

நாய்க்கு முன்பக்கம்னா வயிறுன்னு எனக்குத் தோணல டீச்சர். சத்தியமாத் தோணல. கை பழகுன வேலை, கண்ண மூடிக்கிட்டுச் செய்யும். போட்டுவிட்டேன், கச்சிதமா உக்காந்துச்சு. ஒரு சுருக்கம் கிடையாது. தெருவுல கூட்டிட்டு ஒரு நடை போயிட்டு வந்தேன். அத்தனை பேரும் நின்னு பாக்குறாங்க. இந்த மாதிரி என் பொண்ணுக்கும் ஒண்ணு தைச்சுக் குடுங்கன்னு ஒரு அம்மா கேக்குது.

ரெண்டு நாள் அப்படியே போட்டு வச்சேன். சட்டையக் கழட்டிக் காயத்தைப் பாருங்கன்னு லூர்து சொல்லிக்கிட்டே இருந்தா. பிள்ளை நல்லாத் தூங்குது, எதுக்கு எழுப்பணும்னு நான் விட்டுட்டேன். அது நல்ல தூக்கம் இல்ல டீச்சர். மறுநாள் காலையில கோழிச் சோறு வேண்டாம்னுச்சு. மூக்கு காஞ்சு கிடக்குது. தொட்டா அனலாச் சுடுது. ஹூக்கைக் கழட்டிப் பாக்குறேன், தையல் வரிசை மேலேயே அத்தனை ஹூக்கும் உரசி, சுத்தி வீங்கி, ஒரு இடத்துல தையல் விட்டு வாய் திறந்து நிக்குது.

என் கையால தைச்சது டீச்சர். சினிமாவுக்குப் போற பிள்ளைக்கு அலங்காரம் பண்ற மாதிரி பண்ணி, காயத்து மேல ஹூக்கைக் குத்த விட்டிருக்கேன். இது செத்துப்போச்சுன்னா இந்த மிஷின்ல நான் எப்படி உக்காருவேன், காலை எங்க வைப்பேன்? ஆட்டோவுக்குக்கூட நிக்கல. தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடுனேன். லூர்து ஒத்தைச் செருப்போட பின்னாடி ஓடி வர்றா.

டாக்டரம்மா பாத்தாங்க. காயத்தைச் சுத்தம் பண்ணி, விட்ட இடத்துல ஒரு தையல் போட்டு, ஊசி போட்டாங்க. அப்புறம் அந்தச் சட்டைய விரிச்சு மேசையில வச்சுப் பாத்தாங்க.

"இதை யாரு தைச்சது?"

"நான்தாங்கம்மா. லேடீஸ் டைலர்."

"ஃபிட்டிங் பிரமாதம்"னாங்க. சிரிக்கல. "ஹூக்கை முதுகுல வச்சிருந்தீங்கன்னா இன்னும் பிரமாதமா இருந்திருக்கும். இன்னைக்குக் கூட்டிட்டு வந்தீங்க, பொழைச்சுது. இனிமேல் தினமும் கழட்டிக் காயத்தைப் பாருங்க."

நான்தான் சொன்னேன்லன்னு லூர்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக்கூட எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். சொல்லவே இல்ல.

வீட்டுக்கு வந்து மருந்து போடணும். நான் இந்தப் பக்கம், அவ அந்தப் பக்கம், நடுவுல பாபின் மல்லாந்து கிடக்குது. அவ குனிஞ்சு காலைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா. அப்பத்தான் பாத்தேன். அவ போட்டிருந்த ஜாக்கெட்டு, கை வளைவு என்னோடது இல்ல. அக்குள்ல ஒரு பிட் வச்சுத் தைச்சிருக்கு. நான் பிட் வைக்க மாட்டேன் டீச்சர், என் ஆயுசுல வச்சதில்ல. அந்த வேலை யாரு பண்ணுவான்னு எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுகிட்ட கடை போட்டிருக்கானே, பாஸ்கரன், அவன் கை.

ஊருல ஒரு டைலர் பொண்டாட்டி இப்படிச் செய்வாளா? கேட்டேன். "லூர்து, இது யாரு தைச்சது?"

"பாஸ்கரன்"னா. கூசாமச் சொல்றா.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"அது ஆச்சு வருஷக்கணக்கா. நீங்க இன்னைக்குத்தான் பாக்குறீங்க."

"ஏன், என்கிட்ட குடுத்தா ஆகாதா?"

"குடுத்தேனே. ரீட்டா கல்யாணத்துக்குப் பச்சைத் துணி குடுத்தேன். ஹூக் மட்டும்தான் பாக்கின்னீங்க. ரீட்டாவுக்கு ரெண்டு பிள்ளை ஆயிருச்சு."

ரீட்டா எங்க சின்னவ, திருப்பூர்ல இருக்கா. சரி, அது என்னமோ கல்யாண அவசரம், மறந்து போச்சு. அதுக்காக பாஸ்கரன்கிட்டயா போகணும்? பொம்பளைங்க மனசுல இப்படி வச்சுக்குவாங்கன்னு யாருக்குத் தெரியும்? நீங்களே சொல்லுங்க.

அதோட விட்டாளா? பாபின் காயத்துல மருந்தைத் தடவிக்கிட்டே, குரலைக்கூட மாத்தாம சொல்றா. "ரீட்டா பொறந்ததும் எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணாங்கள்ல. எனக்கும் இதே மாதிரிதான் தையல் விட்டுப் போச்சு. சீழ் வச்சிருச்சு."

"எனக்குத் தெரியாதே"ன்னேன்.

"நீங்க கடையில இருந்தீங்க. கிறிஸ்மஸ் சீசன். ஒரு தடவை வந்தீங்க, பிள்ளையப் பாத்தீங்க, துணி குவிஞ்சு கிடக்குன்னு கிளம்பிட்டீங்க."

"சொல்லியிருக்கலாம்ல?"

"யார்கிட்ட?"ன்னா. அப்புறம் பாபின் தலையத் தடவிவிட்டு, "குடுத்து வச்சவடி நீ"ன்னா. அவ்வளவுதான். எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா.

பாருங்க டீச்சர். ரீட்டாவுக்கே இப்ப இருபத்தாறு வயசு. இத்தனை வருஷம் கழிச்சுச் சொல்றா! அப்பவே ஒரு ஆளை அனுப்பிச் சொல்லியிருந்தா நான் வரமாட்டேனா? அந்தக் காலத்துல எந்த ஆம்பளை அந்த வார்டு பக்கம் போயி நின்னான்? கிறிஸ்மஸுக்குத் துணி குடுத்தவங்க வாசல்ல நிக்கிறாங்க. நான் என்ன சும்மாவா இருந்தேன்? இதையெல்லாம் நான் அவகிட்ட எடுத்துச் சொல்லணும்னு அடுப்படி வரைக்கும் போனேன். அவ தோசை ஊத்திக்கிட்டு இருந்தா. பாபினுக்குச் சோறு ஆறிருச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பாபினா? நல்லாயிருச்சு டீச்சர். உங்க லைனிங் துணியில மிச்சம் இருந்ததை வச்சு, முதுகுல ஹூக் வச்சு வேற சட்டை தைச்சேன். தினமும் கழட்டிக் கழட்டிப் பாத்தேன். நேத்துதான் தையல் பிரிச்சாங்க, காயம் கோடு மாதிரி ஆயிருச்சு. அந்தா வருது பாருங்க. சட்டையக் கழட்ட விட மாட்டேங்குது, பழகிப் போச்சு. ஏய், டீச்சர் சேலைய நக்காத. அந்தத் துணி உங்களோடதுன்னு தெரிஞ்சுதான் உங்ககிட்ட வருதோ என்னமோ.

இந்தப் பச்சை யாரோடதுன்னு இப்பச் சொல்ல வேண்டியதில்ல. பீரோ மேல பழைய துணி மூட்டையில கிடந்துச்சு. அவ பேசுனதுக்காக எடுக்கல. துணி வீணாப் போகுதேன்னு எடுத்தேன். எடுத்துட்டுப் பாத்தா ஒரு சிக்கல். பாபின் அளவு எனக்கு மனப்பாடம், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். லூர்து அளவு தெரியல. டேப்பை எடுத்துட்டுப் பக்கத்துல போனேன். அவ என்னை மேலயும் கீழயும் பாத்தா. உள்ள போயி பாஸ்கரன் தைச்ச ஜாக்கெட்டைக் கொண்டுவந்து மேசையில போட்டா. "அளவு ஜாக்கெட்டு"ன்னா. "எப்ப வந்து வாங்கிக்கட்டும்?"ன்னு கேக்குறா டீச்சர், கஸ்டமர் மாதிரி! நம்ம நாக்கு இருக்கே, "சாயங்காலம் வா, ஹூக் மட்டும்தான்..."ன்னு ஆரம்பிச்சு, பாதியில நிறுத்திட்டேன்.

அந்த பாஸ்கரன் பய சுமாராத்தான் தைக்கிறான். சரி, நல்லாத்தான் தைக்கிறான். வெளிய சொல்லிராதீங்க.

இந்தா, கடைசி ஹூக். முடிஞ்சுது. பாருங்க, பிட் கிடையாது.

உங்களுதா? டீச்சர், இத்தனை வருஷத்துல எந்தக் கஸ்டமர்கிட்டயும் சொல்லாததை உங்ககிட்டச் சொல்றேன். உங்க ஜாக்கெட்டை இன்னும் வெட்டவே இல்ல. உக்காருங்க, உக்காருங்க, எந்திரிக்காதீங்க. இப்பவே உங்க முன்னாடியே வெட்டுறேன். சனிக்கிழமை வீட்டுல கொண்டாந்து குடுக்கிறேன். பாபின் மேல சத்தியம். அது மேல நான் பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன், இப்ப உங்களுக்கே தெரியும்.

ஹார்லிக்ஸை ஏன் பைக்குள்ள வைக்கிறீங்க? வச்சுட்டுப் போங்க டீச்சர். எனக்குத்தான் ஆபரேஷன் இல்லையே, பாபினுக்கும் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க, அதெல்லாம் சரி. சாயங்காலம் இந்த ஜாக்கெட்டோட சேத்து, நல்லாப் பாலு காய்ச்சி ஒரு டம்ளர் லூர்துவுக்குக் கொண்டுபோயிக் குடுக்கலாம்னு பாக்குறேன். அவளுக்கும் ஆபரேஷன் ஆச்சுல்ல. கொஞ்சம் லேட்டுதான். நான் எதை டீச்சர் சொன்ன தேதிக்குக் குடுத்திருக்கேன்?